மாலினியின் இருபத்தொரு கிலோமீற்றர்

செப்டெம்பர் 9, செவ்வாய். வுப்பெர்டால்.

விடிந்ததிலிருந்து மழை. பால்கனிக் கதிரை நனைகிறது. உள்ளே எடுக்கப் பஞ்சி, எழும்ப மனமில்லை.

பெட்டி அடுக்கல். என் மருந்துக் குளிசைகளைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பங்கு என் கைப்பையில், மறு பங்கு மனைவி மா.வின் கைப்பையில். (மாலினி என்று முழுதாக எழுதவும் பஞ்சி.) ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்க வேண்டுமாம். முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் தாதி வேலை செய்தவள். குளிசை விஷயத்தில் அவளோடு வாதாட முடியாது.

இன்னும் எடுக்க வேண்டியவை:
– இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி
– அவளுடைய டொக்டரின் கடிதம் (டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்)
– மிளகாய்த்தூள், சின்னப் போத்தல்
– குடை? அங்கே இப்போதுதான் வசந்தம் தொடங்குகிறதாம். யாரைக் கேட்பது?

ஓட்டச் சப்பாத்தைப் பெட்டியில் வைக்க விடவில்லை. காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுவாளாம். "பெட்டி துலைஞ்சா வெறுங்காலோட ஓடுறதோ?" நியாயம்தான்.

மத்தியானம் ரொறன்ரோவிலிருந்து அக்கா. ஸ்பீக்கரில் போட்டது என் பிழை.

"ஏன்ரா தம்பி, அவளுக்கு உந்த வயசிலை என்ன ஓட்டம்? ஒண்டை உனக்குத் தந்திட்டு மற்றதையும் துலைக்கப் போறாளோ? நீயாவது சொல்லப்படாதே?"

"ம்ம். ஓம் அக்கா. ம்ம்."

மா. துவாய் மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டது. அடுத்த துவாயை எடுத்தாள்.

அக்கா சொல்வது எனக்கும் சரி போலத்தான் படுகிறது. இதை இங்கே மட்டும் எழுதலாம்.

மா.வின் இடது சிறுநீரகம் இப்போது என் வலது அடிவயிற்றில் இருக்கிறது. அதற்கு முன் நான்கு வருடம் டயாலிசிஸ். அந்தக் கதிரைக்கு மேலே ஒரு தொலைக்காட்சி. எந்நேரமும் ஏதாவது ஊர் காட்டும். ஒருநாள் புவெனஸ் ஐரிஸ். அக்கரை தெரியாத அகலத்தில் ஒரு வீதி. "உந்த றோட்டைக் கடக்கிறதுக்குள்ளை எனக்கு அடுத்த டயாலிசிஸ் வந்திடும்" என்றேன். பக்கத்தில் இருந்த மா. சிரிக்கவில்லை. ஊரின் பெயரை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு நடக்கத் தொடங்கினாள். பழைய ரயில் பாதையை இங்கே நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள், அதில். பிறகு நடை ஓட்டமாயிற்று. இந்த மாசி மாதம் ஒருநாள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். புவெனஸ் ஐரிஸ், அரை மரதன். "அங்கை மேடே இல்லையாம். எல்லாம் சமதரை. பேரைக் குடுத்திட்டன்."

கேட்கவில்லை. சொன்னாள்.

செப்டெம்பர் 10, புதன். பிராங்ஃபேர்ட்.

மகள் தாரணி கொண்டுவந்து விட்டாள். கொலோனிலிருந்து இதற்காகவே லீவு எடுத்து வந்தாள். காரில் முழுக்கப் பாட்டு, மா.வும் சேர்ந்து. நான் பின்சீற்றில் குளிசைப் பையோடு.

மா. கழிவறை போன நேரம் தாரணியிடம் கேட்டேன், "அம்மாவுக்கு இது தேவையோ பிள்ளை?"

"அப்பா, பானிக் பண்ணாதேங்கோ. அம்மா ஷாஃப்ட் தஸ்." அம்மா செய்து முடிப்பா என்று அர்த்தம். இந்த மாதிரி விஷயத்துக்கு அவளுக்கு டொச்தான் முதலில் வரும்.

கல்யாணம், செத்த வீடு, கோயில் திருவிழா. இந்த மூன்றும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. மா.விடம் சொன்னேன். "அதுதான் உங்களுக்கு உடுப்பு என்ன போடுறதெண்டு தெரியேல்லை" என்றாள். சேர்ட்டைக் குனிந்து பார்த்தேன். கல்யாண வீட்டுச் சேர்ட்தான்.

செப்டெம்பர் 11, வியாழன். புவெனஸ் ஐரிஸ்.

வெயில். குளிர் கொஞ்சம், ஜக்கெற் போதும். விமானத்தில் மா. முழு நித்திரை, நான் முழு முழிப்பு.

வாடகைக்கார் சாரதி வழி முழுதும் கதைத்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் மா. "சீ, சீ" என்றாள். ஸ்பானிய மொழியில் அது "ஓம்" ஆம். போனில் மூன்று மாதம் படித்தது. சாரதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வழியில் மரங்கள். இலை ஒன்றுகூட இல்லை, மரம் முழுக்க ரோஸ் நிறப் பூ. மா. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தபடி.

வாடகை வீடு மூன்றாம் மாடி. இரும்புக் கம்பிக் கதவை இழுத்து மூடினால்தான் லிஃப்ட் நகரும். வீட்டுக்காரி எல்சா கீழ்மாடியில். எழுபது தாண்டிய மெலிந்த மனுஷி, உதட்டுச்சாயம், முத்துமாலை. எங்கள் கடவுச்சீட்டைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கடவுச்சீட்டு. பிறகு டொச்சில் ஆரம்பித்தார்! தாத்தா காலத்தில் கப்பலில் வந்து குடியேறிய குடும்பமாம். வீட்டில் டொச்தான். ஜெர்மனியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பேசுவது சுவரில் தொங்கும் பழைய படம் மாதிரி, அப்படி ஒரு டொச். எங்கள் ஊர்த் தபால்காரருக்குக் கேட்டால் சிரிப்பு வரும்.

"மதிப்புக்குரியவர்களே, தாங்கள் எந்த வகை ஜெர்மானியர்?" என்று கேட்டார்.

"வுப்பெர்டால் வகை" என்றாள் மா.

எல்சா சிரித்துச் சிரித்துக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் மூலைக் கடை. எம்பனாடா என்று ஒன்று, மாவுக்குள் உள்ளீடு வைத்து மடித்தது, பார்த்தால் அச்சு அசல் எங்கட பற்றிஸ். மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்ல மா. "மூ" என்று கத்திக் காட்டிக் கையை ஆட்டினாள். கடைக்காரர் சோளம் வைத்தது தந்தார். ஆறு சாப்பிட்டோம். குடிக்க மஞ்சள் சோடா, போத்தலில் "பொமேலோ" என்று எழுதியிருந்தது. வாயில் வைக்கும்போது மா. பறித்தாள். அது கிரேப்ஃபுரூட். என் குளிசைக்கு ஆகாது, நஞ்சு மாதிரி. அந்தச் சொல்லையும் வரமுதலே படித்து வைத்திருக்கிறாள்.

நான் தண்ணீர் குடித்தேன்.

இங்கே சனம் இரவுச் சாப்பாட்டையே பத்து மணிக்குத்தான் யோசிக்குது. நாங்கள் அதற்குள் படுக்கை.

செப்டெம்பர் 12, வெள்ளி.

நல்ல நாள் இல்லை. ஆனால் முடிவில் பரவாயில்லை. ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் ஓட்டக்காரருக்கு இலக்கத் துண்டு கொடுக்கும் மண்டபம். பெரிய கூடாரம் மாதிரி, பாட்டு, பலூன், இளசுகள். மா. முகம் முழுக்கப் பல்லு. வரிசையில் முன்னால் நின்ற இளம் பெட்டை ஒன்று மா.வின் நரைமயிரைக் காட்டி ஏதோ சொல்லித் தன் கட்டைவிரலைத் தூக்கியது.

டொக்டரின் உறுதிக் கடிதம் காட்ட வேண்டிய மேசை. டொச்சில் இருந்ததால் அங்கிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு இளம் டொக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்கப் புருவம் ஏறியது. ஒரு விரலைக் காட்டி, தன் முதுகைத் தொட்டுக் கேட்டார். ஒரே ஒரு சிறுநீரகமா?

"சீ" என்றாள் மா.

அவர் தலையை ஆட்டினார். இல்லை. முடியாது. கடிதத்தை மடித்து, மரியாதையாக, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

மா. அழவில்லை. மேசையை விட்டு நகரவும் இல்லை. பின்னால் வரிசை நீண்டது. நகர்ந்து நில்லுங்கள் என்று ஒருவர் கை காட்டினார். அவள் அசையவில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அப்பாடா என்று தோன்றியது. நான் சொல்லாமலே முடிந்துவிட்டது. இனி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

பிறகு அவளைப் பார்த்தேன். கடிதத்தை நெஞ்சோடு பிடித்தபடி. மகப்பேற்று வார்டில் பிள்ளையைக் காட்ட நிற்கிற மாதிரி.

எல்சாவுக்குப் போன் போட்டேன். ஏன் போட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. விரல் போட்டது.

எல்சா பஸ் பிடித்து வந்தார். அதே முத்துமாலை, கைப்பை, புதுசாகப் போட்ட சாயம். கடிதத்தை வாங்கி நின்ற நிலையிலேயே இரண்டு தரம் வாசித்தார். பிறகு டொக்டரின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உரத்த குரலில் வரிவரியாக ஸ்பானிய மொழியில் சொன்னார். அரை மண்டபமும் கேட்டது. "தானம்" என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் எங்கட சொல் மாதிரியே இருந்தது. அது மட்டும் விளங்கியது. அந்தச் சொல் வந்ததும் எல்சா நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் எதையோ திருடியவன் மாதிரி என் வலது பக்கத்தைக் கையால் மூடினேன்.

டொக்டர் எழுந்து வந்தார். மா.விடம் நேராகப் பேசினார், எல்சா டொச்சில் சொன்னார்:

"அம்மணி, இவர் கூறுவது: கையெழுத்திட்டால் தங்கள் உயிருக்கு இவர் பொறுப்பு. நாளைக் காலை இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கத் தாங்கள் சம்மதமா? முடிவு நன்றாயின் இவர் ஒப்பமிடுவார். நன்றில்லையாயின் தாங்கள் வாதாடக் கூடாது."

"வாதாட மாட்டேன்" என்றாள் மா. பிறகு தமிழில் என்னிடம், "நீங்களும் வாதாடப்படாது."

பிழையான டொக்டர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் இருந்தது மா.வின் இடத்துக்குப் பக்கத்தில். அதுதான் சிக்கல்.

திரும்பும்போது எல்சா தன் வீட்டில் மாட்டே என்ற கசப்புத் தேநீர் வைத்தார். ஒரு குடுவை, ஒரே இரும்புக் குழாய், எல்லாரும் மாறி மாறி உறிஞ்சுவது வழக்கமாம். எனக்குத் தொற்று வரக்கூடாது, அதனால் மாட்டேன் என்றேன். கோபிப்பாரோ என்று பயம். "உமக்காக அவர் தந்ததை நான் என் எச்சிலால் கெடுப்பேனா?" என்று தனிக் கோப்பை எடுத்தார்.

செப்டெம்பர் 13, சனி.

மேகம். மழை இல்லை.

ஏழு மணிக்கே பரிசோதனைக் கூடம், எல்சாவும் கூட. இரத்தம் எடுத்த பெட்டை, மா.வின் நரம்பு நல்ல நரம்பு என்று சொன்னாளாம். மா.வுக்கு அதில் ஒரு பெருமை. "முப்பது வருசமா மற்ற ஆக்களின்ரை நரம்பைத்தான் நான் தேடினது."

முடிவு மத்தியானம். நன்று. எல்லாம் நன்று. கிரியற்றினின், உப்பு, புரதம், அழுத்தம். டொக்டர் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, எழுந்து நின்று மா.வுக்குக் கை கொடுத்தார். மா. அவரைக் கட்டிப் பிடித்தாள். யாழ்ப்பாணத்துப் பெண் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இலக்கத் துண்டு கிடைத்தது. அதில் பெயரும் பெரிதாக: MALINI. எல்சா அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார், விரல் பாதி மறைத்தபடி.

இதோடு முடிந்திருந்தால் நல்ல நாள்.

மாலை ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்தோம். கல் பாவிய நிலம், மேசைகள், நடுவில் ஒரு வயதான சோடி இந்த ஊருக்குப் பேர்போன ரங்கோ நடனம் ஆடியது. ஒருவன் பத்துப் பன்னிரண்டு நாயை கயிறுகளை ஒரே கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனான். மா. நாயையும் பார்க்கிறாள், நடனத்தையும் பார்க்கிறாள், மடியில் இலக்கத் துண்டு. நான் வாயைத் திறந்தேன்.

"மாலினி, உண்மையாவே ஓடத்தான் வேணுமோ?"

அவள் திரும்பவில்லை.

"டொக்டர் ஓமெண்டிட்டார், அது காணும்தானே. பேர் குடுத்தாச்சு, துண்டு எடுத்தாச்சு. நாளைக்கு நிண்டு பாத்திட்டு வருவம். உமக்கு ஏதும் நடந்தா…"

"நடந்தா?"

"என்னாலைதானே."

அப்போது திரும்பினாள். கோபத்தில் அவளுக்குக் குரல் குறையும், கூடாது.

"மூண்டு வருசமா நான் கோப்பை கழுவினாலும் நீங்கள் பின்னாலை வந்து நிக்கிறியள். அரிசி மூட்டை தூக்க விடுறேல்லை. பனி அள்ள விடுறேல்லை. இருமினா எழும்பி இருக்கிறியள். என்னை வருத்தக்காரி ஆக்கினது ஒப்பரேஷன் இல்லையப்பா. நீங்கள்."

"நான் பயத்திலை…"

"உங்களுக்குத் தந்தது உங்கட. அதை வடிவாப் பாருங்கோ. மிச்சம் இருக்கிறது என்ர. அதை நான் பாப்பன்."

பாட்டு முடிந்தது. சனம் கை தட்டியது, ஆடியவர்களுக்கு. நானும் தட்டினேன், கை என்ன செய்வதென்று தெரியாமல்.

வீட்டுக்கு நடந்தோம். அவள் முன்னால். பாஸ்தா அவித்தாள், மிளகாய்த்தூள் போட்டாள், என் குளிசையை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். கோபத்திலும் குளிசை மறக்கவில்லை.

நான் சொன்னேன், "நாளைக்கு எந்த இடத்திலை நிக்கட்டும்?"

வரைபடத்தை எடுத்து ஒரு மூலையில் பேனாவால் புள்ளி போட்டாள். "இஞ்சை. வாழைப்பழத்தோட."

செப்டெம்பர் 14, ஞாயிறு.

கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

காலை நல்ல குளிர், வானம் சுத்தம். மா.வைத் தொடக்கத்தில் விட்டேன். ஆயிரக்கணக்கில் சனம், எல்லாரும் ஒரே நிறச் சட்டை. ஒரு நிமிடத்தில் அவளைக் காணவில்லை. எங்கே பார்த்தாலும் சட்டை.

நிலத்தடி ரயிலில் என் மூலைக்கு. பதினாறாம் கிலோமீற்றர் தாண்டின இடம். பெரிய பூங்கா, ரோஸ் பூ மரம் அங்கேயும். ஒரு மேளக் கூட்டம் அடிக்கத் தொடங்கியது. வாழைப்பழம் இரண்டு, தண்ணீர், துவாய்.

முதலில் மான் மாதிரி ஆட்கள். பிறகு மனுஷர் மாதிரி ஆட்கள். பிறகு என்னைப் போல ஆட்கள். சனம் எல்லாருடைய பெயரையும் துண்டில் வாசித்துக் கத்துகிறது. "வாமோஸ்! வாமோஸ்!" போவம் வா என்கிற மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னிடம் ஏதோ கேட்டா. "மாலினி" என்றேன். அவ தலையாட்டினா. பெயரை இரண்டு தரம் சொல்லிப் பழகினா.

தாரணி கொலோனிலிருந்து கணினியில் பார்க்கிறாள். "அப்பா, அம்மா அஞ்சு தாண்டிட்டா." பிறகு, "பத்தும் தாண்டிட்டா, சுப்பர்!"

பிறகு ஒன்றும் இல்லை.

ஓட்டக்காரர் குறைந்தார்கள். இடையில் வெறும் வீதி தெரிந்தது. மேளக்காரர் இளைப்பாறினார்கள். போன் எடுத்தேன்.

"பதினைஞ்சு வரேல்லையோ?"

"இல்லையப்பா, இன்னும் இல்லை. நொக் நிஹ்ட்." அவளும் இப்போது பாட்டுக் குரலில் இல்லை.

நான் வேண்டிக்கொண்டேன். ஊர்க் கோயில் நல்லூரானையும் வேண்டினேன், அருகில் ஒரு மாதா சிலை இருந்தது, அவவையும். என்ன வேண்டினேன் என்றால், அவள் நின்றுவிட வேண்டும் என்று. எங்கேயாவது பத்திரமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று.

"அப்பா! பதினைஞ்சு!"

கொஞ்ச நேரத்தில் திருப்பத்தில் கண்டேன். ஓடவில்லை. நடக்கிறாள், வலது காலை இழுத்து இழுத்து. பின்னால் தூரத்தில் மெதுவாக ஒரு பஸ், கதவு திறந்தபடி. முடியாதவர்களை ஏற்றுகிற பஸ்.

தடுப்பின் கீழே குனிந்து வீதிக்குள் போனேன். யாரோ தடுத்தார்கள், தெரியாது.

"கெண்டைக்கால் பிடிச்சிட்டுது" என்றாள். முகம் உப்புப் பூத்திருந்தது.

முதலுதவிப் பெடியன் குளிசை நீட்டினான், நோவுக்கு. மா. மட்டையைப் பார்த்து, வேண்டாம் என்றாள். அந்த வகை நோக்குளிசை ஒற்றைச் சிறுநீரகத்துக்கு ஆகாது. அந்த நிலையிலும் வாசித்தாள்.

நான் தார் வீதியில் முழங்கால் போட்டேன். அவளை நிலத்தில் இருத்தி, காலை எடுத்து என் தொடையில் வைத்து உருவினேன். கல்லு மாதிரி இருந்தது தசை. பஸ் வந்து பக்கத்தில் நின்றது. கதவில் நின்றவர் கையைக் காட்டினார், வாங்கோ என்று. அன்பாகத்தான்.

மா. பஸ்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா, ஏறட்டோ?"

பேரைக் கொடுத்தபோது கேட்காதவள். விமான ரிக்கெற் எடுத்தபோது கேட்காதவள். முதல் தடவையாகக் கேட்கிறாள். ஓம் என்று ஒரு சொல் போதும். நான் செவ்வாயிலிருந்து காத்திருந்தது இதற்காகத்தானே.

"தண்ணி குடிச்சனீரோ?"

"ஓம், எல்லா மேசையிலும்."

"மூத்திரம் போனனீரோ?"

"பத்திலை."

"நிறம்?"

"நல்ல நிறம். வெளுப்பு."

"தலை சுத்துதோ? சத்தி வருதோ, வயித்தைப் பிரட்டுதோ?"

"ஒண்டுமில்லை. கால்தான்."

"அப்ப கால் மட்டும்தானே" என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது. "காலை நீர் எனக்குத் தரேல்லையே! ரெண்டும் உம்மோடதானே இருக்கு. எழும்பும். ஓடும்!"

அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, நடு வீதியில், விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்காரரும் ஏன் என்று தெரியாமல் சிரித்தார்.

வாழைப்பழத்தைப் பாதி கடித்துவிட்டு மீதியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். முதலில் நொண்டல். பிறகு நடை. மேளக்காரர் எழும்பினார்கள். அந்த அம்மா தடுப்பில் ஏறி நின்று "மலீனி! மலீனி!" என்றா. பிறகு அந்த மூலை முழுக்க "மலீனி". மூன்றாம் மரத்தடியில் ஓடத் தொடங்கினாள்.

பஸ் அவளுக்குப் பின்னால் மெல்ல உருண்டது. கதவை மூடிவிட்டார் அந்த மனுஷன்.

நான் பூங்காவுக்குள்ளால் குறுக்கே முடிவுக் கோட்டுக்கு. எனக்கும் ஓட்டம்தான் என்று சொல்ல வேண்டும். வேட்டி கட்டியிருந்தால் விழுந்திருப்பேன். போய்ச் சேர்ந்தபோது பாதிச் சனம் கலைந்துவிட்டது. மேடை கழற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரன் மட்டும் இன்னும் இருந்தான்.

வந்தாள். தனியாக, நேராக, தலை நிமிர்த்தி. ஒலிபெருக்கி "மலீனி! அலெமானியா!" என்று கத்தியது. ஜெர்மனியாம். மேடை கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை இரும்பில் தட்டினார்கள், டங் டங் டங். கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை, நிற்க மறந்து என்னைக் கடந்தும் ஓடினாள். நான் பிடித்து நிறுத்தினேன்.

"முடிஞ்சுதப்பா. முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ?" என்றாள். "மற்ற வாழைப்பழம் எங்கை?"

நான் அழுதேன். அவள் தின்றாள்.

கழுத்தில் பதக்கம் போட்டார்கள். என் வலது அடிவயிற்றில் என் கை. அதுவும் இருபத்தொரு கிலோமீற்றர் ஓடினது மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அல்லது இதயமோ.

தாரணி போனில் கத்தினது இன்னும் காதுக்குள். டொச், தமிழ், இரண்டும் இல்லாத ஏதோ.

அறைக்கு வந்ததும் எல்சா சட்டியில் சுடுதண்ணீரும் உப்பும் கொண்டுவந்து தானே மா.வின் காலை அதில் வைத்தார். அழுத்தம் பார்த்தேன். என்னுடையதுதான் கூட.

செப்டெம்பர் 15, திங்கள்.

வெயில். ஒரு வேலையும் இல்லை. என்ன சுகம்.

லிஃப்ட் பழுது. மா. மூன்று மாடியும் பின்பக்கமாக இறங்கினாள், முன்பக்கமாக இறங்கத் தொடை விடவில்லை. ஒவ்வொரு படிக்கும் "ஐயோ அம்மா", ஒவ்வொரு "ஐயோ"வுக்கும் சிரிப்பு. பதக்கத்தைக் கழற்றவில்லை. பேக்கரியில், பஸ்ஸில், கடையில், எல்லா இடமும் ஆட்கள் பதக்கத்தைக் காட்டிக் கட்டைவிரல் தூக்குகிறார்கள். ஒரு கடைக்காரர் காய்ச்சிய பால் இனிப்பு ஒரு சாடி சும்மா தந்தார். பால் ரொபியை உருக்கினால் வரும் ருசி. கரண்டி இல்லாமல் விரலால் தின்றோம், இந்த வயதில், வீதியில்.

பிறகு அந்த அகல வீதி. மா.வின் காலோடு கடக்க மூன்று பச்சை விளக்கு எடுத்தது. நடுவில் இரண்டு தரம் தரித்து நின்றோம், கார்கள் இரண்டு பக்கமும். "டயாலிசிஸுக்கு நேரமாச்சோ?" என்றாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. கையைப் பிடித்தேன். அவளும் பிடித்தாள், நொண்டுவதற்காக என்றுதான் சொன்னாள்.

மத்தியானம் அக்கா. குடும்பக் குழுவில் தாரணி படம் போட்டுவிட்டாள். இம்முறை ஸ்பீக்கரில் போடவில்லை.

"தம்பி, படம் பாத்தனான். சரி, ஏதோ கடவுள் காப்பாத்தினார்."

"கடவுளும்தான். ஆனா ஓடினது மாலினி, அக்கா" என்றேன். "போன கிழமை நீங்கள் சொல்லேக்கை நான் ம்ம் எண்டனான். அது பிழை. அவவைப் பற்றி இனி அப்பிடிக் கதைக்காதேங்கோ."

அறுபது வயதுக்குக் கிட்ட வந்து அக்காவிடம் முதல் தடவையாக மறுத்துக் கதைத்தேன். அக்கா போனை வைத்துவிட்டா என்று நினைத்தேன்.

"அவளிட்டைக் குடு" என்றா.

கொடுத்தேன். மா. கொஞ்ச நேரம் "ஓம் மச்சாள்… ஓம்… இல்லை, அது தேய்ஞ்சிருக்கும்… முதல்லை நடவுங்கோ" என்றாள். வைத்த பிறகு கேட்டேன், என்னவாம்?

"தன்ரை முழங்காலுக்கு என்ன சப்பாத்து நல்லதெண்டு கேக்கிறா."

மாலை எல்சாவுக்குச் சமைத்தேன். நான்தான். பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, சோறு. மா. கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதிகாரம். எல்சா ஒரு வாய் வைத்து, கண்ணில் தண்ணீர் வர, "மிகச் சிறப்பு, கொடூரம்" என்றார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

செப்டெம்பர் 16, செவ்வாய். விமான நிலையம்.

எல்சா வாசல்வரை வந்து, மா.வின் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "வுப்பெர்டால் ஜெர்மானியரே, சென்று வருக" என்றார். வரச் சொல்லியிருக்கிறோம். வருவாரோ தெரியாது. வாசலிலேயே நின்றார், கார் திரும்பும்வரை.

பாதுகாப்புச் சோதனையில் மா.வின் கைப்பையை நிறுத்தினார்கள். ஏதோ உலோகம். என் குளிசைப் பை வேறு அதற்குள். எட்டி எட்டிப் பார்த்தேன். சீருடைப் பெண் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். பதக்கம். நாடாவில் தூக்கிப் பிடித்து, பக்கத்து மேசைக்குக் காட்டி ஏதோ கத்தினாள். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் மேசையைச் சுற்றி வந்து மா.வின் கழுத்தில் தானே அதைப் போட்டுவிட்டாள். கை தட்டினார்கள். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள், விமானத்தைப் பிடிக்க அவசரப்பட்டவர்கள்கூட.

எங்களுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன்காரர், நெடுவலானவர், அவரும் ஓட்டக்காரராம். டொச்சில் கேட்டார், "எத்தனையாவது இடம் வந்தீர்கள்?"

மா. திரும்பி, கொஞ்சமும் யோசிக்காமல், "பின்னாலிருந்து எண்ணினால் மிக நல்ல இடம்" என்றாள்.

மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எங்கள் வரிசையைக் கூப்பிடுகிறார்கள். நான் பேனா மூடியைத் தேடுகிறேன். அவள் முன்னால் போய்விட்டாள்.